டாக்டர் சொல்லாத ஐஸ்

தாராவி
11 ஜனவரி 2025

அன்புள்ள ஜெனி,

கவரின் மேல் ‘சயின்ஸ் நோட்ஸ்’ என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். உள்ளே நோட்ஸும் இருக்கிறது. உன் வகுப்பு அதீபாவிடம் வாங்கி ஒலி பாடம் முழுவதையும் நகலெடுத்தேன். மற்ற தாள்கள்தான் இந்தக் கடிதம்.

போனில் பேசியிருக்கலாம். கிறிஸ்துமஸ் அன்று பேசினேனே. உன் பெரியம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள் போல. குக்கர் விசில், டி.வி., உன் பெரியப்பா யாரையோ கதவைச் சாத்தச் சொல்வது எல்லாம் கேட்டன. உன்னிடமிருந்து ‘நல்லா இருக்கேன்க்கா’ மட்டும் வந்தது. நானும் ‘சரி ஜெனி’ என்று வைத்துவிட்டேன். நாலு பேர் கேட்கும்போது எனக்குப் பேச வராது. எழுதினால் கொஞ்சம் வரும்.

மூச்சு எப்படி இருக்கிறது? படி ஏற முடிகிறதா? மூச்சு முட்டும்போது நீலப் பம்பை நாளுக்கு எத்தனை தடவை எடுக்கிறாய்? சரியான எண்ணிக்கையை எழுது. எனக்காகக் குறைக்காதே.

நான் எப்போதும்போல செம்பூர் லேபுக்குப் போய்ப் பிறருடைய ரத்தம், சளி ரிப்போர்ட்டுகளைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். ஒரு புள்ளி இடம் மாறினாலும் மேடம் கூப்பிட்டுக் கேட்பார். இரண்டு வருஷத்தில் ஒரு தடவையும் மாறியதில்லை. மாலையில் நம் சந்து மன்றத்து அறையில் பிள்ளைகளுக்குக் கணக்கு. நீ செய்த ‘மூக்கு’ அங்கே அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. நேற்று ஒரு சின்னப் பெண் மூடியிருந்த துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “பெயின்ட் டப்பாக்குள்ள எதுக்குக்கா கம்ப்யூட்டர் ஃபேனு?” என்றாள். அறையின் காற்றை உள்ளே இழுத்து, நாலு ஈரத்துணியில் தூசியைப் பிடித்துவிட்டு, சுத்தமாக வெளியே விடும் என்றேன். “மூக்கு அசிங்கமாத்தான வெளிய விடும். பேரை மாத்தச் சொல்லுங்க ஜெனி தீதிகிட்ட” என்றாள். சொல்லிவிட்டேன்.

உன் அம்மா, ஜெயசீலி சித்தி, நன்றாக இருக்கிறார். காலை ஐந்தரைக்கு மாட்டுங்கா ஹோட்டலுக்குக் காய் நறுக்கப் போய்விட்டு மத்தியானம் திரும்பியதும், ஏணி போட்டு உன் மாலாவில் ஏறிவிடுகிறார். நீ படுத்துப் படித்து வேலை செய்த அந்த மேல்தட்டை மூன்று தடவை கழுவியாகிவிட்டது. பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றுதான் உன்னை அங்கே அனுப்பினார், மார்ச் செக்கப் முடிந்ததும் கையோடு கூட்டிவந்துவிடுவாராம். “எம் பிள்ளை அவ எடத்துல கெடந்தாத்தான் தேறுவா” என்கிறார்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். தாளில் இடம் இல்லை.

இடம் இருக்கிறது. இன்று வேண்டாம்.

உன்,
மாரிசெல்வி


அம்பர்நாத்
18 ஜனவரி 2025

செல்வி அக்காவுக்கு,

மரியே வாழ்க. கடிதம் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பெரியம்மா சொன்னார்கள். எனக்குத் தமிழ் எழுத்து மறைக்கல்வி வகுப்பில் மட்டும் கற்றது. ஆகையால் என் தமிழ் பைபிள் மாதிரி இருந்தால் சிரிக்க வேண்டாம்.

கேட்ட கணக்கு: நீலப் பம்பு இந்த வாரம் மொத்தம் இரண்டு தடவை. காபிக் கலர் பம்பு காலை இரண்டு, இரவு இரண்டு, பெரியப்பா முன்னால் நின்று எண்ணுகிறார்கள். பெரியப்பா முப்பது வருஷம் ஃபேக்டரியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர் அல்லவா, நானும் ஒரு மெஷின்.

இங்கே ஒரு பக்கம் மலை. மறு பக்கம் கெமிக்கல் ஃபேக்டரி. காற்று மலையிலிருந்து வந்தால் ஜன்னலைத் திறக்கலாம், ஃபேக்டரியிலிருந்து வந்தால் மூட வேண்டும். பெரியம்மா மூக்கால் முகர்ந்து கண்டுபிடிப்பதற்குள் நாற்றம் உள்ளே வந்துவிடும். ஆகையால் மொட்டைமாடிக் கம்பியில் ரிப்பன் கட்டி, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று கீழே இருந்தே பார்க்க ஒரு பழைய கண்ணாடியை வைத்திருக்கிறேன். ஏக்தம் சரியாக வேலை செய்கிறது. பெரியப்பாவே இப்போது ஷேவ் பண்ணிக்கொண்டே “ஏட்டி, காத்து எங்கன இருந்து?” என்று கேட்கிறார்கள். பஸ், அவ்வளவுதான் என் வாழ்க்கை. சால்டரிங் அயர்ன் கிடையாது, ஃபெவிபாண்ட் பசை கிடையாது. யாரும் தரமாட்டார்கள்.

அம்மா ஒன்றுவிட்ட ஞாயிறு வருகிறார்கள். சயானிலிருந்து லோக்கலில் நின்றுகொண்டே. பையில் ஃபிளாஸ்க், அதில் வெந்நீர். அம்பர்நாத்தில் வெந்நீர் கிடைக்காதா? பெரியம்மா ஃபிரிட்ஜைத் திறந்தால் போதும், அம்மா எழுந்து வந்து எனக்கு முன்னால் போலீஸ் மாதிரி நிற்கிறார்கள். அப்புறம் அதே பேச்சு. “எங்கையால, நானே வாங்கிக் குடுத்தேன்.” சயின்ஸ் கண்காட்சி அன்று ஜட்ஜ் நம் மூக்கைப் பார்த்து நல்லது சொன்ன சந்தோஷத்தில் வாசலில் வாங்கிக் கொடுத்தார்களே, துருவிய ஐஸில் கருப்புச் சாறு ஊற்றிய காலா கட்டா கோலா, அதுதான். அதைத் தின்று ஒரு மணி நேரத்தில் நான் விழுந்துவிட்டேன். ஆகையால் அதுதான் காரணமாம். அப்பா கப்பலிலிருந்து போன் பண்ணினாலும் அம்மா இதையேதான் சொல்லி அழுகிறார்கள்.

நான் ஒன்றும் சொல்வதில்லை.

கண்காட்சியில் நமக்கு ப்ரைஸ் வந்ததா? ஒருவரும் வாய் திறப்பதில்லை. நீங்கள் சொல்ல வேண்டியது அதுதானா? தோற்றிருந்தாலும் எழுதுங்கள்.

ஜெனிஃபர்


தாராவி
26 ஜனவரி 2025

அன்புள்ள ஜெனி,

இரண்டாம் பரிசு. சான்றிதழில் உன் பெயர் மேலே. கீழே ‘வழிகாட்டி’ என்ற இடத்தில் என் பெயர். முழுப் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல். என் பெயரை அச்சில் அப்படிப் பார்ப்பது எனக்கு இரண்டாவது தடவை. முதல் தடவை டிகிரி.

அது ஐம்பது நாளாக எங்கள் வீட்டு அரிசி டிரம்முக்கு அடியில் கிடக்கிறது. ஏன் மறைத்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நவம்பர் 21. கண்காட்சிக்குப் பதினான்கு நாள் இருந்தது. உனக்கு இழுப்பு அதிகமாகி, சித்தியும் நானும் உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நான் ஏன் போனேன் என்று உனக்குத் தெரியும். நம் சந்தில் யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் ‘செல்வியைக் கூப்பிடு, அவ படிச்சவ’ என்பார்கள். எனக்கு அது கூச்சமாகவும் இருக்கும், பிடித்தும் இருக்கும்.

உன்னைத் திரைக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்து மூக்கில் மாஸ்க் மாட்டினார்கள். இந்தப் பக்கம் டாக்டரம்மா எங்களிடம் பேசினார், பாதி இங்கிலீஷ், பாதி இந்தி. இந்தப் பெண் வீட்டில் எங்கே தூங்குகிறாள் என்று கேட்டார். மாலாவில் என்றேன். கீழே என்ன என்றார். பின் சுவரை ஒட்டிப் பிளாஸ்டிக் அரைக்கும் பட்டறை என்றேன். அங்கேயே உட்கார்ந்து சால்டரிங் செய்கிறாளா, பசை ஒட்டுகிறாளா, டப்பாவைச் சூடு வைத்து ஓட்டை போடுகிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். பிறகு அவர் சொன்னது எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. இந்த வேலையை இன்றோடு நிறுத்த வேண்டும். குறைந்தது ஒரு மாதம் அந்த மாலாவில் அவள் ஏறக் கூடாது. வேறு இடம் இருந்தால் அங்கே அனுப்புங்கள். இல்லையென்றால் இது பெரிதாகும்.

சித்தி என் முழங்கையைத் தொட்டு, “என்ன சொல்லுதாவ?” என்றார்.

ஒரு மாதம் என்றால் கண்காட்சி இல்லை. விசிறி இன்னும் பொருத்தவில்லை. பதினான்கு நாள்தானே, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று அந்த நிமிஷத்தில் நினைத்தேன். “காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு பம்பு அடிக்கணுமாம் சித்தி” என்றேன்.

சித்தி இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அவ்வளவு நேரம் பேசினாரே, நான் சொன்னது ஒரே ஒரு வரி. அது போதாது என்று எனக்கே தெரிந்தது. இடத்தை நிரப்ப இன்னொன்று வேண்டியிருந்தது. “குளிர்ச்சியா எதுவும் குடுக்கக் கூடாதாம். ஐஸ், கூல் ட்ரிங்க்ஸ் எதுவும்” என்றேன்.

டாக்டர் ஐஸ் என்ற வார்த்தையையே சொல்லவில்லை, ஜெனி. எந்த அம்மாவும் மறுபேச்சில்லாமல் நம்புகிற ஒன்றாக எடுத்துச் சொன்னேன். சித்தி உடனே தலையாட்டினார். “நான் அப்பவே நெனைச்சேன்” என்றார்.

கண்காட்சி அன்று விழுந்த உன்னை டிஸ்சார்ஜ் செய்தபோது கொடுத்த காகிதத்தையும் சித்தி என்னிடம்தான் கொண்டுவந்தார். புகை, தூசி உள்ள இடத்தில் இருக்கக் கூடாது என்று அதிலும் ஒரு வரி இருந்தது. மருந்து வேளைகளை மட்டும் படித்துக் காட்டினேன். அந்த ஒரு வரியைப் படித்தால் முதல் பொய்யும் சேர்ந்து வெளியே வரும் என்று பயந்தேன்.

சித்தி இப்போது குழாயடியில் எல்லோரிடமும் சொல்கிறார், ‘நான் பாவி, எம் பிள்ளைக்கு நானே ஐஸ் வாங்கிக் குடுத்தேன்’ என்று. கேட்டவர்கள் எல்லாம் பிள்ளைகளுக்குக் கோலாவை நிறுத்திவிட்டார்கள். ஷேக் பரீத் சாச்சாவின் கோலா வண்டி நம் சந்துக்கு வருவதில்லை. பள்ளிவாசல் பக்கம் போய்விட்டார்.

நீ என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

மாரிசெல்வி


அம்பர்நாத்
2 பிப்ரவரி 2025

செல்வி அக்காவுக்கு,

உங்களைத் திட்ட முடியாது. எனக்குத் தெரியும்.

இப்போது தெரிந்தது அல்ல. அன்றே தெரியும். திரைக்கு இந்தப் பக்கம்தான் நான் இருந்தேன். மாஸ்க் மெஷின் சத்தம் போட்டது, ஆனாலும் டாக்டர் ஆன்ட்டி குரல் நல்ல கனம். நான் படிப்பது இங்கிலீஷ் மீடியம் என்று நீங்கள் மறந்துவிட்டீர்கள். ஒரு மாதம் நிறுத்த வேண்டும் என்று கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. பிறகு நீங்கள் தமிழில் ஐஸ் என்றீர்கள். மாஸ்க்குக்குள் சிரித்துவிட்டேன். செல்வி அக்கா மஸ்த் ஆள், கெட்டிக்காரி என்று நினைத்தேன். அன்று முழுவதும் உங்களை ரொம்பப் பிடித்தது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பதினான்கு நாளில் நீலப் பம்பை நாளுக்கு எட்டு, ஒன்பது தடவை எடுத்தேன். உங்களிடம் இரண்டு என்று சொன்னேன். நீங்கள் நோட்டில் இரண்டு என்று எழுதிக்கொண்டீர்கள். கடைசி நாலு நாள் சால்டரிங் பண்ணும்போது துப்பட்டாவை வாயில் கட்டிக்கொண்டேன். மூக்கு தயாராகிவிட்டால் அதன் முன்னால் படுத்துச் சரியாகிவிடலாம் என்று நினைத்தேன். சிரிப்பாக இருக்கிறதல்லவா? காற்றைச் சுத்தம் பண்ண மெஷின் செய்து செய்துதான் காற்று போயிற்று.

கோலா தின்றபோதே எனக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. அம்மா முகம் சந்தோஷமாக இருந்ததால் தின்றேன்.

ஆகையால் நீங்கள் மட்டும் பாவி இல்லை. இப்போது கேளுங்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் நான் திரும்பவும் தாராவிக்கு வர முடியாது. மாலா கிடையாது, மன்றம் கிடையாது, அதீபா கிடையாது. இங்கே எனக்குப் பேச ரிப்பன்தான் இருக்கிறது. நான் வந்து மாலாவில் ஜாக்கிரதையாக இருப்பேன். சால்டரிங்கை மன்றத்தில் செய்வேன். அம்மாவுக்கு இந்த ஐஸ் கதை கொஞ்ச நாளில் மறந்துவிடும்.

மார்ச் செக்கப்புக்கும் நீங்கள்தான் வருவீர்கள். அப்போதும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். ப்ளீஸ் அக்கா.

இரண்டாம் பரிசுக்கு மெடல் உண்டா?

ஜெனி


தாராவி
8 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜெனி,

மெடல் இல்லை. ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். அதுவும் டிரம்முக்குப் பின்னால்தான் இருக்கிறது.

உன் கடிதத்தை லேபில் மதிய இடைவேளையில் படித்தேன். எட்டு, ஒன்பது என்ற இடத்தில் நின்றுவிட்டேன். நான் எல்லாவற்றையும் கவனிக்கிறவள் என்று ஒரு பெயர் எனக்கு. உன் உதடு நிறம் மாறியதைப் பார்த்தேன். ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் நீ சொன்னதைப் பார்த்தேன். ‘இரண்டு’ என்று நீ சொன்னபோது அது இரண்டு இல்லை என்று எனக்குள் ஒன்று சொன்னது. ஆனாலும் நோட்டில் இரண்டு என்றே எழுதினேன்.

நீ கேட்பதைச் செய்ய எனக்கும் ஆசைதான். சொல்லிவிட்டால் நம் சந்தில் நான் யார்? நாளைக்கு யாருடைய ரிப்போர்ட்டை என் கையில் தருவார்கள்? எங்கள் அம்மா தலைநிமிர்ந்து குழாயடிக்குப் போக முடியுமா? உனக்காகச் சொல்லாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். நவம்பரிலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

இந்த வாரம் மூன்று தடவை உங்கள் வீட்டு வாசல் வரை போனேன். முதல் நாள் சித்தி குளித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் என்னைக் கண்டதும் ஒரு தூக்கு மாவைக் கையில் கொடுத்து, “அம்மைட்ட குடு, நல்லாப் புளிச்சிருக்கு” என்றார். தூக்கோடு திரும்பினேன். மூன்றாம் நாள் அவர் மாலாவில் இருந்தார். சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார், ஜெனி. தனியாக. தலையில் துண்டு கட்டிக்கொண்டு. பின்னால் பட்டறையில் மெஷின் ஓடியது. புது பெயின்ட் மேல் அந்த மாவு மாதிரித் தூசி ஏற்கெனவே படிந்திருந்தது. “ஜெனிக்கு மஞ்சக் கலருன்னா உசிரு. நல்லாருக்கா செல்வி?” என்று கேட்டார்.

நல்லாருக்கு என்றேன்.

நீ அங்கே வந்து படுத்தால் மறுபடி என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரியாதவர் அவர் ஒருவர்தான், அவர்தான் உன்னைக் கூட்டிவரப் போகிறவர். நான் சொல்லத்தான் வேண்டும். செக்கப்புக்கு முன்னால்.

மாரிசெல்வி


அம்பர்நாத்
12 பிப்ரவரி 2025

சொல்லுங்கள். அப்புறம் எனக்கு நோட்ஸ் அனுப்ப வேண்டாம். அதீபாவிடம் நானே கேட்டுக்கொள்வேன்.

நவம்பரில் நீங்கள் மறைத்தபோது உங்கள் பெயர் சர்டிஃபிகேட்டில் வந்தது. இப்போது சொன்னால் உங்கள் மனது லேசாகும். இரண்டிலும் லாபம் உங்களுக்கு. எனக்கு அம்பர்நாத்.

ஜெனிஃபர்


அம்பர்நாத்
17 பிப்ரவரி 2025

செல்வி அக்கா,

போன கடிதத்தைப் போட்ட அன்றே திரும்ப எடுக்க முடியுமா என்று போஸ்ட் ஆபீசில் கேட்டேன். தபால்காரர் என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தார். ஆகையால் இதை எழுதுகிறேன்.

நேற்று ஞாயிறு. அம்மா காலையிலேயே வந்துவிட்டார்கள். எல்லோரும் இங்கே தமிழ்ப் பூசைக்குப் போனோம். சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்க எல்லோரும் வரிசையில் எழுந்தார்கள். பெரியப்பா, பெரியம்மா, நான். அம்மா எழவில்லை. கால் வலி என்று நினைத்து, “வாம்மா” என்று கையைப் பிடித்தேன். “நீ போ மக்கா” என்று கையை எடுத்துவிட்டார்கள். அம்மா நன்மை வாங்காமல் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நான் பிறந்த அன்று கூட சாமியாரை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்து வாங்கினார்களாம், அப்பா சொல்லிச் சிரிப்பார்.

வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில் பெரியம்மா கேட்டார்கள். “ஏன் ஜெயசீலி, பாவசங்கீர்த்தனம் பண்ணலியா?” அம்மா, “பண்ணிட்டேன் அக்கா. ரெண்டு தடவை பண்ணிட்டேன். சாமியாரு இது பாவமே இல்லம்மாங்காவ. அவியளுக்கு என்ன தெரியும், பிள்ளை பெத்தவுகளா?” என்றார்கள். “டாக்டர் அவ்வளவு தெளிவாச் சொல்லியும் குடுத்தேனே அக்கா. சொல்லாம இருந்து குடுத்திருந்தாக்கூட மனசு ஆறும்.”

நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் ஃபிளாஸ்க் என் மடியில் இருந்தது. எனக்கு இழுப்பு எதுவும் வரவில்லை, ஆனால் மூச்சு விட முடியவில்லை. நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். “அம்மா” என்றேன். “என்ன மக்கா, காத்து அடிக்கா? கண்ணாடியை ஏத்தவா?” என்றார்கள். ஆட்டோவில் ஏது கண்ணாடி. ஃபிளாஸ்க்கின் மூடியை இறுக்கித் திருகினேன்.

நீங்கள் சொல்லுங்கள். ஆனால் முழுதும் சொல்லுங்கள். திரைக்குப் பின்னால் நான் கேட்டதையும், எட்டு ஒன்பதையும்.

ஜெனி


தாராவி
24 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜெனி,

நேற்று மத்தியானம் சொல்லிவிட்டேன். உன் கடிதத்தில் இருந்த லாபக் கணக்கு சரிதான். அதனால் என் மனது லேசாகட்டும் என்று எதிர்பார்க்காமல் போனேன். லேசாகவும் இல்லை.

சித்தி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து ஒரு கை எடுத்து உரித்தேன். சான்றிதழைப் பக்கத்தில் வைத்தேன். “சித்தி, டாக்டர் ஐஸ்னு சொல்லவே இல்ல” என்று ஆரம்பித்தேன். எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று ஒரு வாரம் யோசித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மாலா, பட்டறை, பசை, ஒரு மாதம், டிஸ்சார்ஜ் காகிதம். நீ கேட்டது. பம்பு எட்டு, ஒன்பது.

சித்தி உரிப்பதை நிறுத்தவில்லை. நான் முடித்ததும் கேட்ட முதல் கேள்வி, “அப்போ அந்தக் கோலா?”

“அதுல ஒண்ணும் இல்ல சித்தி.”

“ஒண்ணும் இல்லயா?”

“ஒண்ணும் இல்ல.”

முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டார். வெங்காயத்துக்கா நான் சொன்னதற்கா என்று தெரியாமல் அவருக்குக் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. பிறகு மாலாவை நிமிர்ந்து பார்த்தார். “நாலு தடவை கழுவுனேனே. மஞ்சப் பெயின்ட் அடிச்சேனே. நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த. நல்லாருக்குன்னு வேற சொன்ன” என்றார்.

வெங்காயத் தோலை ஒரு பக்கமாகக் கூட்டினேன்.

“எனக்கு இந்தி தெரியாதாட்டி? பதினெட்டு வருசமா மாட்டுங்கா மார்க்கெட்டுல இந்தியிலதான் சண்டை போடுதேன். ஆசுபத்திரி வாசலை மிதிச்சா நாக்கு ஒட்டிக்கிடுது. சரி, படிச்ச பிள்ளை கூட இருக்குன்னு நானும் காதைப் பொத்திக்கிட்டு ஒம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “ஒம் மூஞ்சில ஒண்ணுமே தெரியலியே செல்வி.”

அதன் பிறகு என்னைப் போகச் சொன்னார். உரித்த வெங்காயத்தைத் தட்டோடு என் பக்கம் தள்ளி, “ஒம் பங்கை எடுத்துட்டுப் போ” என்றார். எடுத்துக்கொண்டு வந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

சாயங்காலத்துக்குள் குழாயடியில் தெரிந்துவிட்டது. இன்று காலையில் நம் சந்து ஃபர்ஸானாவின் அம்மா எக்ஸ்ரே கவரோடு எங்கள் வாசலைத் தாண்டிப் போனார். என்னைப் பார்த்தார். நிற்கவில்லை.

மாரிசெல்வி


அம்பர்நாத்
28 பிப்ரவரி 2025

செல்வி அக்காவுக்கு,

அம்மா போன் பண்ணினார்கள். ஸ்பீக்கரில்தான். பெரியப்பா தட்டில் கைவைத்தபடி கேட்டார்கள், பெரியம்மா டி.வி.யை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

“ஏட்டி ஜெனி, நீயும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தியோ?”

“ஆமாம்மா.”

“மாஸ்க்குக்குள்ள சிரிச்சியாம்லா.”

“ஆமாம்மா.”

“இரு, வந்து சிரிப்பை எடுக்குதேன்.” பிறகு சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று பெரியம்மா போனைத் தட்டினார்கள். போகவில்லை. அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “கோலா நல்லா இருந்துச்சா அன்னைக்கு?” என்று கேட்டார்கள். நல்லா இருந்தது என்றேன். உண்மையாகவே நல்லா இருந்தது அக்கா.

பெரியப்பா அன்றிலிருந்து பம்பை இன்னும் கிட்ட நின்று எண்ணுகிறார்கள்.

எட்டாம் தேதி செக்கப்புக்கு உங்களைக் கூப்பிடமாட்டார்கள் என்று நினைக்கிறேன். பெரியப்பா வருகிறேன் என்கிறார்கள். நீங்கள் வராவிட்டால் மூக்கை யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள்.

ஜெனி


தாராவி
9 மார்ச் 2025

அன்புள்ள ஜெனி,

நேற்று ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் பார்த்து நீ திகைத்ததைக் கவனித்தேன். எனக்கும் திகைப்புத்தான். அதிகாலை ஐந்து மணிக்கு ஹோட்டலுக்குக் கிளம்பும்போது சித்தி எங்கள் கதவைத் தட்டி, “பதினோரு மணிக்கு வந்திரு” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பதினைந்து நாளில் என்னிடம் அவர் பேசியது அவ்வளவுதான்.

குழாய்க்குள் ஊதிக் காட்டும் டெஸ்டுக்கு உன்னை வேறு அறைக்குக் கூட்டிப்போனார்கள், பெரியப்பாவும் கூடவே வந்தார். அதனால் உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. இந்தத் தடவை திரைக்குப் பின்னால் யாரும் இல்லை.

அதே டாக்டரம்மா. என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். சித்தி கையை நீட்டி, “மேடம், இதர் தேக்கே போலோ. தீரே தீரே” என்றார். இங்கே பார்த்து மெதுவாகப் பேசச் சொல்கிறார், காய்க்காரனிடம் பேசும் அதே குரலில். டாக்டரம்மா நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு, இந்தியிலேயே மெதுவாகச் சொன்னார். சித்தி மடியில் கையை வைத்திருந்தார். டாக்டரம்மா ஒவ்வொன்று சொல்லி முடிக்கும்போதும் ஒரு விரலை மடக்கினார். நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கை முழுதும் மடங்கியது. இடது கையில் இரண்டு.

பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏழு சொல்லியிருக்காவ. நாலு எனக்கு வெளங்கிச்சு. முன்னைக்கு நல்லா இருக்கா. காபிக் கலர் பம்பை நிறுத்தக் கூடாது. நீலப் பம்பை எண்ணணும். ஓடலாம், விளையாடலாம். சரியா?”

சரி என்றேன்.

“மிச்சம் மூணை நீ சொல்லு.”

முதலாவது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஊதிக் காட்ட வர வேண்டும். சொன்னேன். இரண்டாவது, சால்டரிங், பசை எல்லாவற்றையும் நிரந்தரமாகத் தடுக்க வேண்டாம், திறந்த மொட்டைமாடியில், பெரியவர் ஒருவர் கூட இருந்தால், மூச்சு நன்றாக உள்ள நாளில் செய்யலாம். சொன்னேன். சித்தி, “மொட்டைமாடியில” என்று ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாவதுக்குக் காத்திருந்தார் சித்தி. நவம்பரில் பார்த்த மாதிரியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தை நிரப்ப எனக்கு ஆயிரம் தெரியும் ஜெனி. இப்போதும் வந்து வரிசையில் நின்றன.

“அந்த மாலாவுக்கு அவ திரும்பி வரவே கூடாதாம் சித்தி. ஒரு மாசம் இல்ல. பட்டறை அங்க இருக்கிற வரைக்கும். படிப்பையும் அம்பர்நாத்திலேயே பாக்கச் சொல்லுறாங்க” என்றேன்.

சித்தி மடக்கிய விரல்களை விரித்து, உள்ளங்கையைப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் மஞ்சள் பெயின்ட் இருந்தது. “இதைத்தான் நானும் நெனைச்சேன். அவுக சொல்லும்போது மொகம் அப்படி இருந்துச்சு” என்றார். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, “டீக் ஹை மேடம்” என்று ஒப்புக்கொண்டார்.

வெளியே வந்து உன்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம், நீங்கள் வீட்டுக்குப் போனதும் போனில் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று பெரியப்பாவிடம் சொன்னார். இந்தக் கடிதம் வருவதற்குள் சொல்லியிருப்பார். நீ அழுதிருப்பாய். அந்த வார்த்தை முதலில் என் வாயிலிருந்துதான் வந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

உங்களை ரயிலேற்றிவிட்டு நானும் சித்தியும் நடந்தே வந்தோம். பள்ளிவாசல் பக்கம் வந்ததும் சித்தி நின்றார். ஷேக் பரீத் சாச்சாவின் வண்டி முன்னால் போய், “நம்ம சந்துப் பக்கம் வாங்க பாய். எங்க வீட்டுலதான் தப்பு” என்றார் இந்தியில். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சித்தி ஒரு காலா கட்டா வாங்கி, பாதியைத் தின்றுவிட்டு, மீதியை என்னிடம் நீட்டினார். என் கையில் அது உருகி மணிக்கட்டு வரை வழிந்தது. தின்றேன்.

அடுத்த ஞாயிறு சித்தி மூக்கைத் தூக்கிக்கொண்டு வருவார், லோக்கலில் நின்றுகொண்டே. டப்பாவுக்குள் உன் சால்டரிங் அயர்னும் இருக்கிறது. சித்திதான் வைத்தார். சான்றிதழையும் வைத்திருக்கிறேன். என் பெயரை நீ என்ன செய்தாலும் சரி.

நீலப் பம்பு இந்த வாரம் எத்தனை?

மாரிசெல்வி